எல்லாப் பிரதிகளையும் வாங்கிவிட்டார்கள்



இன்று பட்டம் பெறும் உங்களில் இதழியல் படித்தவர்கள் ஒரு சிலர்தான். ஆனாலும் உங்கள் அத்தனை பேரிடமும் ஒரு செய்தியாளரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மெக்சிகோவின் மேற்குக் கரையில் சினலோவா என்றொரு மாநிலம். சமவெளியில் தக்காளியும் மக்காச்சோளமும் விளைகிற செழிப்பான பூமி. மலைப்பக்கம் ஏறினால் அபினிச் செடி. உலகின் மிகப் பெரிய போதைக் கடத்தல் கும்பல்களில் ஒன்று அங்கேதான் வேர்விட்டது. மாநிலத் தலைநகரான குலியகானில் பிறந்து வளர்ந்தவர் ஹவியர் வால்தேஸ். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவர். 2003-இல் நண்பர்களோடு சேர்ந்து ‘ரியோதோசே’ என்ற வார இதழைத் தொடங்கினார்.

கும்பல் தலைவர்களின் பிரதாபங்களை எழுத ஆள் ஏராளம். வால்தேஸின் கண் அவர்களுக்குக் கீழே நசுங்கியவர்கள் மேல் இருந்தது. மீசை முளைக்கும் முன்பே துப்பாக்கி தூக்கிய பையன்கள், காணாமல்போன மகனைத் தேடி அலையும் தாய்மார்கள். இவர்களைப் பற்றி வாராவாரம் எழுதினார். 2015-இல் வந்த அவருடைய புத்தகம் முழுக்க, இந்த வெறியாட்டத்தில் அநாதையான குழந்தைகளைப் பற்றியது. அதைத்தான் நான் பெரிய எழுத்து என்பேன்.

வெளியூரிலிருந்து வரும் நிருபர் நாலு நாள் தங்குவார், எழுதுவார், விமானம் ஏறிவிடுவார். உள்ளூர் நிருபர் எங்கே போவார்? எழுதிய மறுநாளும் அதே சந்தைக்குத்தான் போகவேண்டும், அதே தெருவில்தான் வண்டி ஓட்டவேண்டும். 2009-இல் ரியோதோசே அலுவலகத்தில் கையெறிகுண்டு வெடித்தது. 2011-இல் நியூயார்க்கில் விருது வாங்கியபோது வால்தேஸ் ஒன்றைச் சொன்னார்: எங்கள் ஊரில் பத்திரிகைத் தொழில் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டின் மேல் நடப்பது; அந்தக் கோட்டைப் போடுபவர்கள் கடத்தல் கும்பலிலும் இருக்கிறார்கள், அரசாங்கத்திலும் இருக்கிறார்கள். விருதோடு அங்கேயே தங்கியிருக்கலாம். ஊருக்குத் திரும்பினார்.

2017 ஜனவரியில் அந்தக் கடத்தல் கும்பலின் தலைவர் ‘எல் சாப்போ’ குஸ்மான் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகு, கும்பலுக்குள் வாரிசுச் சண்டை. பிப்ரவரியில் ஒரு தரப்பின் தலைவர் சொன்னதை ரியோதோசே வெளியிட்டது. எதிர்த்தரப்பு ஆட்கள் விநியோக வண்டிகளின் பின்னாலேயே போய், கடை கடையாக இறங்கி, அந்த இதழின் பிரதிகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். படையும் பணமும் வைத்திருந்தவர்கள், போலீஸையே விலைக்கு வாங்கியவர்கள். அவர்கள் எதற்குப் பயந்து ஒரு சின்ன வார இதழைக் காசு கொடுத்து அள்ளிக்கொண்டு ஓடினார்கள்? காலையில் பேருந்துக்கு நிற்கிற ஒரு சாதாரண மனிதர் அதைப் படித்துவிடுவார் என்ற பயம்தான். செய்தியாளரைச் சுட்டுவிடலாம். படித்துவிட்ட ஊரை என்ன செய்வது?

அடுத்த மாதம் சிவாவா நகரில் மிரோஸ்லாவா பிரீச் என்ற பெண் பத்திரிகையாளர் கொல்லப்பட்டார். மகனைப் பள்ளிக்கு அழைத்துப்போக, வீட்டு வாசலில் காரில் இருந்தபோது சுட்டார்கள். இனிப் பாதுகாப்பில்லை என்று ஹுவாரெஸ் நகரின் ‘நோர்த்தே’ நாளிதழ், போய்வருகிறோம் எனத் தலைப்பிட்டு அச்சுப் பதிப்பை நிறுத்தியது. மௌனம் கூடாது என்று வால்தேஸ் வெளிப்படையாக எழுதினார். மே 15, நண்பகல். அலுவலகத்திலிருந்து கிளம்பிய அவரைச் சில தெருக்கள் தள்ளி மறித்தார்கள். பன்னிரண்டு குண்டுகள். மடிக்கணினியையும் கைபேசியையும் எடுத்துப் போனார்கள். அவருக்கு வயது 50.

கொலையில் பங்கேற்ற இருவருக்குத் தண்டனை கிடைத்தது. ஆணையிட்டதாக மெக்சிகோ அரசுத் தரப்பு குற்றம்சாட்டும் ஆள்மீது அங்கே தீர்ப்பு வரவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் ரியோதோசே நின்றுவிடவில்லை. அவருடைய தோழர்கள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கும்பல் பயந்தது படிக்கிற ஊருக்குத்தான். அதனால்தான் பொறியாளராகவும் கணக்காளராகவும் ஆகப்போகிற உங்களிடமும் இதைச் சொன்னேன். நீங்கள் வேலைக்குப் போகும் ஊரிலும், பெரிய மனிதர்களுக்குப் பிடிக்காததை எழுதும் ஒரு நிருபர் இருப்பார். அவர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் எழுதுவதைக் காசு கொடுத்து வாங்கிப் படியுங்கள். அவருக்கு மிரட்டல் வந்தால், புகார் கொடுக்க அவரைத் தனியாக அனுப்பாமல் நாலு பேராகக் கூடப் போங்கள்.