கவுன்ட் ஏன் இறங்குது? ஒரு மாத்திரையும் இரண்டு மரபணுக்களும்

குழந்தைகளுக்கு வர்ற லுகேமியாவில், முதல் சில மாதக் கடும் சிகிச்சை முடிஞ்சதும் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுற கட்டம் ஒன்று இருக்கு. ஏறக்குறைய இரண்டு வருஷம் போகும். அதில் தினமும் கொடுக்கிறது மெர்காப்டோப்யூரின். 1953-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பழைய மருந்து.

உடம்பின் பரப்பளவைக் கணக்கிட்டுத்தான் அளவு சொல்றோம். ஆனா அதே அளவில் ஒரு குழந்தை பள்ளிக்கூடம் போகுது. இன்னொன்று வெள்ளை அணு கவுன்ட் அடியோட இறங்கி, காய்ச்சலோட வார்டில் படுத்திருக்கு. மாத்திரையை நிறுத்தினா கவுன்ட் ஏறும். அடிக்கடி நிறுத்தினா நோய் திரும்புற பயம்.

ரொம்ப காலம் இதற்குக் கையிலிருந்த பதில் டி.பி.எம்.டி. என்கிற மரபணு. ஐரோப்பிய வம்சாவளியினரில் பத்தில் ஒருவருக்கு அதன் ஒரு பிரதி சரியா வேலை செய்யாது. கிழக்கு ஆசியாவில் அந்த மாற்றம் குறைவு. ஆனாலும் அங்கே குழந்தைகளுக்கு கவுன்ட் இறங்கிக்கிட்டேதான் இருந்தது. பரிசோதனை 'நார்மல்'னு வரும், குழந்தை நார்மலா இருக்காது.

2014-ல் கொரியாவில் விடை கிடைத்தது. லுகேமியாவில் இல்ல, இதே வகை மருந்து சாப்பிட்ட குடல் அழற்சி நோயாளிகளிடம்! மரபணுவின் பெயர் நட்-15. செல்லுக்குள்ள வீரியம் பெற்ற மருந்தை அடக்கிவைக்கிறது அதன் வேலை. அடுத்த வருஷம் லுகேமியா குழந்தைகளிடம் பார்த்தாங்க. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறுபட்ட பிரதி வந்த குழந்தைகள் தாங்கினது திட்டமிட்ட அளவில் சராசரியா 8 சதவீதம்தான்.

நம்ம இந்தியாவிலும் டி.பி.எம்.டி.யை விட இந்த மாற்றம்தான் அதிகம். லத்தீன் அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளியிலும் இருக்கு. அதனாலதான் 'இனம்' என்ற சொல்லை நான் தயங்கித்தான் பயன்படுத்துறேன். எந்த மரபணுவைத் தேடணும்னு அது துப்பு கொடுக்கும், அவ்வளவுதான். முகத்தைப் பார்த்து டோஸ் எழுத முடியாது.

இரண்டு பிரதியும் மாறியிருந்தா சதுர மீட்டருக்கு 10 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கிறது 2018 வழிகாட்டி. வழக்கமா 50-க்கு மேல. "குறைச்சுக் கொடுத்தா நோய் போகுமா டாக்டர்?"னு பெற்றோர் கேட்பாங்க. நியாயமான கேள்வி. அந்தக் குழந்தையின் செல்லுக்குள்ள அந்தச் சின்ன அளவே போதுமான வீரியத்தைக் கொடுக்குது. ஆனா நீங்களா குறைக்காதீங்க. மாத்திரை தொடங்கும் முன்னாடியே நட்-15 பரிசோதனை பற்றிக் கேளுங்க. தொடங்கின சில வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தா மொத்தமா கொட்டினா, அடுத்த செக்கப் வரை காத்திருக்காம அன்னைக்கே போன் பண்ணுங்க.