நீர்நிலை அமீபாவும் அதனை ஒழிக்கும் வழியும்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் அமீபாவைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு ஊட்டிய கழகம், அவர்கள் குதித்து விளையாடும் நீரைப் பற்றியும் கற்பிக்கக் கடமைப்பட்டது என்பது என் கருத்து. ஆகவே இத்தலைப்பை விரும்பியே ஏற்றுக்கொண்டேன்.

அமீபா என்றவுடன் சீதபேதிதான் நம் நினைவுக்கு வரும். அந்த அமீபா மனிதக் குடலில் வாழ்வது. மலத்தோடு வெளியேறி, குடிநீரின் வழியே மற்றொருவர் வயிற்றை அடைவது. நான் கூறவிருப்பது வேறு இனம். அது மனிதனை நம்பி வாழ்வதில்லை. குளத்திலும், சேற்றிலும், வயல் மண்ணிலும், தொட்டியின் வழுவழுப்பான பாசியிலும், குழாயின் உட்சுவரிலும் பாக்டீரியாக்களைத் தின்று தன் போக்கில் வாழ்கிறது. ஆதலால் அறிவியலார் அதனைத் தனித்து வாழும் அமீபா என்பர். இவ்வகையுள் பெரும்பாலானவை நமக்கு எத்தீங்கும் செய்வதில்லை. தீங்கு செய்பவற்றுள் முதன்மையானவை நெக்ளேரியா ஃபவுலரி, அகாந்தமீபா, பாலமுத்தியா என்னும் மூன்று.

இவற்றின் கொடுமை வெளிப்பட்டது அண்மைக் காலத்தில்தான். 1958-இல் அமெரிக்காவில் கல்பர்ட்சன் என்பார் இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்து தொடர்பான சோதனையில் ஈடுபட்டிருந்தபோது, அமீபா கலந்துவிட்ட திரவத்தைச் செலுத்திய எலிகள் மூளை பாதிக்கப்பட்டு மாண்டதைக் கண்டார். மனிதனையும் இது கொல்லும் என்பதை 1965-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் தென் ஆஸ்திரேலியாவின் மருத்துவர்களான மால்கம் ஃபவுலரும் கார்ட்டரும். ஃபவுலரின் பெயரையே அந்த அமீபாவுக்குப் பின்னர் சூட்டினர்.

நெக்ளேரியா வெதுவெதுப்பான நன்னீரை விரும்புவது. ஏறத்தாழ 45 டிகிரி வெப்பத்திலும் அது பெருகும். இந்நீரைக் குடித்தால் நோய் வராது என்பதை முதலில் மனத்தில் இருத்துங்கள். வயிற்றின் வழியே அது மூளையை எட்டுவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. அதன் வாயில் மூக்கு ஒன்றே. தலைகீழாகக் குதிக்கும்போதும், மூழ்கி எழும்போதும், மூக்கில் நீரை உறிஞ்சிக் கழுவும்போதும் அது மூக்கின் உச்சியை அடைகிறது. அங்கிருந்து மணம் அறியும் நரம்பைப் பற்றிக்கொண்டு, சல்லடை போன்ற மெல்லிய எலும்பின் துளைகளைக் கடந்து மூளைக்குள் புகுகிறது. நீர் புகுந்து ஐந்தாறு நாளில், சிலருக்குப் பன்னிரண்டு நாள் வரையிலும் கழித்து, கடுந்தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம், வலிப்பு என நோய் முற்றுகிறது. அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை இந்நோய் கண்ட 164 பேரில் பிழைத்தவர்கள் நால்வரே.

அஞ்சுவதற்காக இதனைக் கூறவில்லை. கோடிக்கணக்கானோர் குளங்களில் நாள்தோறும் நீராடுகின்றனர். நோயுறுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஆயினும் அண்டை மாநிலமான கேரளத்தில் 2016-க்குப் பின் தொடர்ந்து கண்டறியப்பட்டு, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் இம்மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியது. 2024-இல் கோழிக்கோட்டில் ஒரு சிறுவனை மருத்துவர்கள் பிழைக்க வைத்தனர். நோயை விரைந்து இனங்கண்டதே அதற்கு முதற்காரணம். ஆதலால் குளத்திலோ கிணற்றிலோ குளித்த இரண்டு வாரத்துக்குள் கடுந்தலைவலியும் காய்ச்சலும் கண்டால், 'இன்ன நாளில் இன்ன நீரில் குளித்தான்' என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரைக் குளிரூட்டாமல் உடனே நுண்ணோக்கியில் பார்த்தால் ஊர்ந்து செல்லும் அமீபாவைக் காணலாம். நேரம் கடந்தால் அது அசையாது. வெள்ளணு என்று எண்ணிவிட நேரும்.

மருந்தைப் பற்றியும் ஒரு செய்தி. ஆம்ஃபோடெரிசினோடு இன்று சேர்த்துக் கொடுக்கப்படும் மில்டெஃபோசின், புற்றுநோய்க்கென ஆராயப்பட்டுப் பின்னர் காலா அசார் என்னும் கருங்காய்ச்சலுக்கு உரியதான மருந்து. இந்தியாவில் அதற்கு 2002-இல் இசைவளிக்கப்பட்டது. கருங்காய்ச்சலோ பீகாரில் மண் குடிசைகளில் வாழும் முசகர் போன்ற நிலமற்ற மக்களை வாட்டிய நோய். அந்த ஏழைகளின் நோய்க்கு உதவிய மருந்தே இன்று செல்வர் வீட்டுப் பிள்ளையின் மூளைக்கும் தேவைப்படுகிறது!

இனி, நம் காதில் அடிக்கடி விழும் ஒரு சொல்லுக்கு விடை கூற வேண்டும். நம் குடியிருப்பில் நோய் வந்தால், 'அவர்கள் சுத்தமில்லாதவர்கள்' என்று சொல்லிவிட்டு ஊர் ஒதுங்கிக்கொள்ளும். இந்த அமீபாவின் வரலாறு அவ்வாதத்தைத் தகர்க்கிறது. செக்கோஸ்லோவாக்கியாவில் ஊஸ்டி என்னும் நகரத்தில், கூரை வேய்ந்த நாகரிகமான நீச்சல் குளம் ஒன்று இருந்தது. 1962 முதல் 1965 வரை அதில் நீந்திய இளைஞர் 16 பேர் மாண்டனர். குளத்துச் சுவருக்குப் பின்னே ஓர் இடைவெளி இருந்தது. அங்கே குளோரின் போதிய அளவு எட்டவில்லை. அமீபா அங்கே பெருகியது. நீந்தியவர்களின் தூய்மைக்கும் சாவுக்கும் என்ன தொடர்பு? குளோரின் எட்டாத ஒரு மூலை இருந்தது, அவ்வளவே.

தென் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். அங்கே மர்ரி ஆற்றின் கரையிலுள்ள மார்கன் என்னும் ஊரிலிருந்து வயாலா வரை, 350 கிலோமீட்டருக்கும் மேலாக, 1944-இல் குழாய் அமைத்து நீர் கொண்டு சென்றனர். வறண்ட நிலத்தின் மேலாகச் செல்லும் இரும்புக் குழாய் வெயிலில் காய்ந்தது. நீர் சூடேறச் சூடேறக் குளோரின் சிதைந்தது. வழியின் முடிவிலுள்ள ஊர்களை நீர் அடைந்தபோது அதில் குளோரின் இல்லை, வெப்பம் இருந்தது. குழாய் நீரில் குளித்து விளையாடிய குழந்தைகள் இறந்தனர். பின்னர்க் குளோரினோடு அம்மோனியாவைச் சேர்த்து, நெடுந்தொலைவு நிலைக்கும் குளோரமீனாக மாற்றி அனுப்பினர். 1981-க்குப் பின் அம்மாநிலத்தில் இந்நோய் காணப்படவில்லை. அமெரிக்காவின் லூசியானாவிலும் 2011-இலும் 2013-இலும் குழாய் நீரால் இறப்புகள் நேர்ந்தன. அங்கு குழாயின் கடைசி வரை லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று விதி செய்தனர்.

குழாயின் கடைசி! இளைஞர்களே, நம் ஊர்களில் குழாயின் கடைசியில் இருப்பது யாருடைய தெரு? 1927 மார்ச் 20-இல் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிக் குடித்தார். பொது நீரைத் தொடும் உரிமைக்கான போர் அது. இன்று குழாய் நம் தெருவுக்கும் வந்துவிட்டது. ஆனால் தொட்டியடியில் கலந்த குளோரின் நம் தெரு வரை வந்து சேர்கிறதா என்பதை எவரும் அளந்து பார்ப்பதில்லை. நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் இருத்தல் வேண்டும். இதனைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அகாந்தமீபா கருவிழியைத் தின்று பார்வையைப் பறிக்கும். மேலை நாடுகளில் கண்ணுக்குள் வில்லை அணிவோரையே இது பெரிதும் தாக்குகிறது. வில்லையைக் குழாய் நீரில் கழுவுவது அதற்கு ஒரு காரணம். நம் நாட்டிலோ பெரும்பாலும் வில்லையையே காணாத உழைப்பாளிகளைத் தாக்குகிறது. கதிர் அடிக்கையில் நெல்லின் சுணையோ, சேறோ கண்ணில் பட்டுக் கீறல் உண்டாக, வாய்க்கால் நீரை வாரி அடித்துக் கழுவுகிறோம். அந்நீரிலிருந்து அமீபா கீறலுக்குள் புகுகிறது. கண்ணில் பச்சிலைச் சாறு பிழிவதும், கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விடுவதும் கேட்டை மிகுவிக்கும். காய்ச்சி ஆற்றிய நீரால் கழுவிக் கண் மருத்துவரிடம் உடனே செல்லுங்கள். மருந்தை மாதக்கணக்கில் விட நேரலாம். கூலி போகிறதே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

அமீபாவைக் கொல்லும் வழிகளுள் தலையாயது நெருப்பு. ஒரு நிமிடம் தளதளவெனக் கொதித்த நீரில் எந்த அமீபாவும் எஞ்சாது. அகாந்தமீபா தீய காலத்தில் இரட்டைச் சுவருள்ள கூட்டுக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும். அக்கூடு உலர்ந்த நிலையிலும் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். வழக்கமான அளவுக் குளோரினுக்கும் அசையாது. ஆனால் கொதிநீருக்கு அதுவும் தாங்காது. மூக்கைக் கழுவும் பழக்கமுள்ளவர் கொதித்து ஆறிய நீரையன்றி வேறு நீரைத் தொடலாகாது. துணியில் வடிகட்டுவதால் பயனில்லை. படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும், அமீபாவைக் கொல்லாது.

நெக்ளேரியா குளோரினுக்கு அஞ்சுவது. கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போதும். அளவைக் கணக்கிட்டுப் போடுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த உருளையின் கன அளவு இங்கே பயன்படட்டும். 3 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் 4 மீட்டர் ஆழம் நீர் இருந்தால் ஏறத்தாழ 28,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம் வீதம் 70 கிராம் வேண்டும். வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கிணற்று நீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். மாலையில் செய்வது நன்று. வெயில் குளோரினைத் தின்றுவிடும். ஒரு மணி நேரம் கழித்துச் சோதிக்கையில் 0.5 மில்லிகிராம் எஞ்சவில்லையெனில் இன்னும் சேர்க்க வேண்டும். திறந்த மூட்டையில் கிடந்த பவுடர் வீரியம் இழந்தது. மூக்கில் ஏறும் நெடி இல்லாத பவுடரை நம்பாதீர்கள்.

மேல்நிலைத் தொட்டியில் குளோரின் ஊற்றுவதற்கு முன் அடிச்சேற்றையும் சுவர்ப் பாசியையும் தேய்த்து அகற்றியாக வேண்டும். அப்பாசிக்குள் ஒளிந்த அமீபாவைக் குளோரின் எளிதில் எட்டாது. தொட்டிக்குள் இறங்கித் தேய்ப்பவரும் பெரும்பாலும் நம்மவரே. கையுறையும் முகமூடியும் இன்றி, வெளியே ஒருவர் நிற்காமல், எவரும் இறங்க வேண்டாம். கொடுத்தால்தான் இறங்குவோம் என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஏரிக்கும் கண்மாய்க்கும் குளோரின் போட முடியாது. சேறு அதனை விழுங்கும், மீனும் சாகும். அங்கே மூக்கைக் காப்பதே வழி. பங்குனி, சித்திரையில் நீர் வற்றிச் சூடேறியிருக்கும்போது குதிக்காதீர்கள், அடிச்சேற்றைக் கலக்காதீர்கள், மூழ்கினால் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கழகத்தின் இளைஞர் அணியிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். குளோரின் சோதிக்கும் சிறு பெட்டி ஒன்றைக் கழகம் வாங்கட்டும். வாரம் ஒருமுறை, நீர் விடும் நேரத்தில், தொட்டிக்கு அருகிலுள்ள குழாயிலும் நம் தெருவின் கடைசிக் குழாயிலும் நீர் பிடித்து நிறத்தைப் பாருங்கள். நாள், நேரம், குழாய் இருக்கும் இடம், அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரு குழாய்க்கும் வேறுபாடு கண்டால் அந்த நோட்டின் படியை ஊராட்சி மன்றத்துக்குக் கொடுத்துக் கையொப்பம் பெறுங்கள். கிராம சபையில் எழுந்து அதனைப் படியுங்கள். முதல் சோதனைக்கு என்னையும் அழையுங்கள், வருகிறேன்.