படிப்பு நம் ஊர்க் கரையில். நம் பிள்ளைகள் எங்கே?

(கடலோர ஊர் ஒன்றில் நடந்த மேற்படிப்பு வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ முடிவு வெளிவந்தால் நம் வீடுகளில் எழுகிற கேள்விகள் இரண்டே இரண்டுதான். "என்ஜினியரிங் சேர்க்கலாமா?" "பி.காம். முடித்துவிட்டுச் சபுர் அனுப்பலாமா?" நான் இன்று மூன்றாவதாக ஒரு வழியை உங்கள் முன் வைக்கிறேன். கடல் அறிவியலிலும் கடற்கரை மேலாண்மையிலும் எம்.எஸ்.சி. படிப்பது.

"ஹஜ்ரத், கடலைப் பற்றி நமக்கா பாடம் நடத்த வேண்டும்?" என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். முத்துக் குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் மரக்கலம் ஓட்டியவர்களும் நம் முன்னோர்களில் உண்டு. ஆனால் கடலின் தலைவிதியை இன்று தோணியில் யாரும் எழுதுவதில்லை. அலுவலகத்தில், ஆய்வறிக்கையில், வரைபடத்தில் எழுதுகிறார்கள். அந்த மேசையில் நம் பிள்ளை இருக்கிறானா? இதுதான் என் கேள்வி.

கடல் அட்டை சொல்லும் பாடம்

ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்து வணிகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடல் அட்டையை எடுத்து, குடல் நீக்கி, வேக வைத்து, மணலில் புதைத்து, மீண்டும் வேக வைத்துக் காயப்போட்டு ஏற்றுமதி செய்தார்கள். நம்மில் யாரும் அதைச் சாப்பிடுவதில்லை. சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் அதற்கு நல்ல விலை. குளிப்பவர் முதல் ஏற்றுமதியாளர் வரை பல குடும்பங்களுக்கு அதில் பிழைப்பு இருந்தது.

அளவுக்கு மீறி எடுத்ததால் அட்டை குறைந்தது. 1982ல் மூன்று அங்குலத்துக்குக் குறைவான அட்டையை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று அரசு விதித்தது. 2001ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்து, எடுப்பதையும் விற்பதையும் அடியோடு தடை செய்துவிட்டது. தடை இன்றும் நீடிக்கிறது.

இப்போது ஒரு செய்தியைக் கவனியுங்கள். தடை வருவதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே, 1988ல், தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் டி.பி. ஜேம்ஸ் என்ற விஞ்ஞானி வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்து காட்டிவிட்டார்! அந்த ஆய்வைப் படித்து, அதைத் தொழிலாக மாற்றிக் கேட்க நம் வணிகத்தில் ஒரு கடல் அறிவியல் பட்டதாரி இருந்தாரா? தடை வந்தபோது, எந்த இனம் எவ்வளவு இருக்கிறது, எந்த வயதில் முட்டையிடுகிறது, எவ்வளவு எடுத்தால் மிஞ்சும் என்று கணக்கு வைத்துப் பேச நம்மிடம் ஆள் இருந்தாரா? கடலுக்கு அக்கரையில் இலங்கையின் வடக்கே அட்டைப் பண்ணைகள் சட்டப்படி நடக்கின்றன. இங்கே தடையை மீறிக் கடத்தியவர்கள் வழக்கில் சிக்கிச் சீரழிந்ததுதான் மிச்சம். கடத்தலை யாரும் நியாயப்படுத்த வேண்டாம். சட்டம் மாற வேண்டுமானால் கூச்சல் போதாது, ஆதாரம் வேண்டும்.

கரையும் காகிதத்தில்தான்

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு 1991ல் வந்தது. 2011லும் 2019லும் புதிதாக எழுதப்பட்டது. கடல் ஏற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பதை அது சொல்கிறது. உங்கள் கிடங்கும் மீன் காயப்போடும் களமும் அந்த வரைபடத்தில் எந்தப் பிரிவில் இருக்கின்றன? கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்து வைக்கிறார்கள். நாம் போய்ப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறோம்!

1996 டிசம்பரில் இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பெரும் ஆதாரமாக நின்றது நீரி என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாள்களில் ஐஸ் வியாபாரியும் மீன் வியாபாரியும் படும் பாடு உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்கள்தாமா சரியான இனப்பெருக்கக் காலம் என்று கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும் மீனின் சினைப்பையை அறுத்துப் பார்த்து எழுதிய கணக்கு வேண்டும்.

எங்கே படிப்பது?

இதில்தான் எனக்கு வியப்பு. இந்தப் படிப்பு நம் ஊர்களிலேயே இருக்கிறது! பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றுக் கழிமுகத்தின் ஓரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் 1960களிலிருந்து இயங்குகிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷையா அதற்கு வித்திட்டவர். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. புதுமடத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கடல், கடற்கரை ஆய்வு மையம் இருக்கிறது. பரங்கிப்பேட்டை, தொண்டி, புதுமடம்! மூன்றும் யாருடைய ஊர்கள்? வெளியூர்ப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து படிக்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்த வாசலைக் கடந்து விமான நிலையத்துக்குப் போகிறார்கள்.

படிப்பு இரண்டு ஆண்டு, நான்கு பருவம். விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் போன்றவற்றில் பி.எஸ்.சி. முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். விதிகள் இடத்துக்கு இடம் மாறும், விவரக் குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள். நீரோட்டம், உப்பின் அளவு, மிதவை உயிரிகள், மீனின் வளர்ச்சி, பவளப்பாறை, அலையாத்திக் காடு, செயற்கைக்கோள் படம், கடற்கரைச் சட்டம், புள்ளியியல் எல்லாம் பாடத்தில் வரும். கடைசியில் மாணவர் தாமே ஓர் ஆய்வு செய்து ஆய்வேடு எழுத வேண்டும்.

இந்தப் படிப்பு எப்படிப்பட்ட புத்தியைத் தருகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தது. பரங்கிப்பேட்டை மையத்தின் பேராசிரியர் கதிரேசனும் அவருடைய சகாவும் 18 கடலோரக் குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு சேதத்தைக் குறைத்தது என்று 2005ல் எழுதினார்கள். வேறு விஞ்ஞானிகள் அதே கணக்கை எடுத்து, ஊர் இருந்த மேடும் கடலிலிருந்து தூரமுமே காரணம் என்று மறுத்தார்கள். யாரும் யாரையும் ஏசவில்லை. கணக்கைக் காட்டிக் கணக்கால் பதில் சொன்னார்கள். நம் இளைஞர்களுக்கு வேண்டிய பயிற்சி இதுதான்.

வேலை கிடைக்குமா?

ஒளிக்காமல் சொல்கிறேன். சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு நின்றால் கிடைக்காது. படகில் ஏறவும், வரைபட மென்பொருள் இயக்கவும், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும் தெரிந்தவனுக்கு வழி உண்டு. மீன்வளத் துறை, ஆராய்ச்சி நிலையங்கள், இறால் பொரிப்பகங்கள், ஏற்றுமதித் தரப் பரிசோதனைக் கூடங்கள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் ஆள் எடுக்கின்றன. நெட் தேர்வு எழுதி ஆராய்ச்சிக்கும் போகலாம். சபுர் போயே தீர வேண்டும் என்பவனுக்கும் ஒரு வாசல் சொல்கிறேன். ஜித்தாவுக்கு வடக்கே துவலில் 2009ல் திறக்கப்பட்ட மன்னர் அப்துல்லாஹ் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், செங்கடலை ஆராயும் கடல் அறிவியல் துறை இருக்கிறது. தேர்வாகிறவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. கடை வேலைக்குப் போகிற அதே நாட்டுக்கு, தகுதியோடு போகலாமே!

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். ஆய்வுக்கூடமும் நுண்ணுயிரியலும் வரைபடப் பணியும் அவர்களுக்கு மிகவும் பொருந்தும். பரங்கிப்பேட்டையிலோ தொண்டியிலோ வீடு இருந்தால் விடுதிகூடத் தேவையில்லை.

வணிகர்களே!

ஒவ்வொரு கடலோர ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஒரு மாணவனை அல்லது மாணவியைப் பொறுப்பேற்றால் போதும். இரண்டு ஆண்டுக் கட்டணம், சாப்பாடு, ஒரு கணினி, களப்பணிக்குப் போகிற செலவு. ஒரு கல்யாணப் பந்தலின் செலவில் இதை முடித்துவிடலாம். பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். அந்தப் பிள்ளையின் ஆய்வேடு நம் சொந்தக் கரையைப் பற்றியதாக இருக்கட்டும். நம் ஏலக் கூடத்துக்கு வருகிற மீனைப் பற்றி, நம் கழிமுகத்தில் கலக்கிற சாக்கடையைப் பற்றி, நம் கரையை அரிக்கிற அலையைப் பற்றி எழுதட்டும். பத்து ஆண்டில் பத்து ஆய்வேடு சேரும். அடுத்த முறை ஓர் அதிகாரி வரைபடத்தோடு வந்தால், எதிரில் நாமும் ஒரு வரைபடத்தை விரிக்கலாம்.

இளைஞர்களே, உங்கள் ஊரில் பி.எஸ்.சி. உயிரியல் பாடங்கள் படிப்பவர்கள் யார் யார் என்று இந்த வாரமே பட்டியல் எடுங்கள். பட்டியலைக் கொண்டுபோய் ஜமாஅத் நிர்வாகிகளின் கையில் கொடுங்கள். பேச்சு இத்துடன் போதும், இனி வேலை நடக்கட்டும். வஸ்ஸலாம்.