பளு தூக்குவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசக் கற்றவர் பலர் இருக்கின்றனர். எனக்கோ உடலைப் பற்றிப் பேசும் பொறுப்பைத் தந்திருக்கிறீர்கள். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதிவரும் எனக்குப் பெரிய தத்துவங்கள் தெரியா; கூட்டலும் பெருக்கலும் தெரியும். அவற்றைத் துணையாகக் கொண்டு ஒரே ஒரு கேள்விக்கு விடை காண முயல்கிறேன். பளு தூக்கும் பயிற்சி நற்பயன் தரவேண்டுமாயின் எவ்வளவு நேரம் அதற்குச் செலவிட வேண்டும்?

இது வீண் கேள்வியன்று. "நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது பயிற்சி செய்யாவிட்டால் பயனில்லை" என்றொரு எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் நம் குடியிருப்பில் மூன்று வகையினரைப் பயிற்சியின் வாயிலிலேயே தடுத்து நிறுத்திவிடுகிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவனைப் பெற்றோர் தடுக்கின்றனர். இரவுப் பணி, பகல் பணி என்று மாறி மாறி உழைப்பவர் தாமே விலகிக்கொள்கிறார். வீட்டு வேலையில் மூழ்கிய தாய்மாரோ இது நமக்கு உரியதே அன்று என்று ஒதுங்கிவிடுகின்றனர். அந்த எண்ணம் உண்மையா என்று ஆராய்வது நம் கடமையன்றோ?

பளு தூக்குதல் நமக்குப் புதிய கலை அன்று. இளவட்டக் கல்லைத் தூக்கித் தோள்மேல் ஏற்றி அப்பால் எறிந்த இளைஞர்களைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் கண்டிருக்கின்றன. கர்லாக் கட்டை சுழற்றுதலும், தண்டாலும், பஸ்கியும் நம் முன்னோர் கண்ட பயிற்சிகளே. இன்றும் நமக்கு மிக அருகிலேயே இக்கலை செழித்திருக்கிறது. திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு ரயிலேறிச் சென்றால் அடுத்திருப்பது வேலூர். அவ்வூரின் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014இல் கிளாஸ்கோ நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் 77 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கப் பதக்கம் பெற்றார். 2018இல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம் பெற்றார். அவருடைய தந்தையார் இராணுவத்தில் பணிபுரிந்தவர். தாமும் பளு தூக்கியவர். சதீஷ் தெற்கு ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றியவர் என்பதைச் சொல்லும்போது என் போன்றோர்க்குத் தனிப் பெருமிதம் உண்டாகிறது.

நாம் வாழும் ஆந்திர மண்ணின் வீராங்கனை கர்ணம் மல்லேஸ்வரியை யார்தாம் அறியார்? அவருடைய தந்தையாரும் ரயில்வே பாதுகாப்புப் படையில் காவலராக இருந்தவர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 69 கிலோ பிரிவில், ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச் முறையில் 110 கிலோவும், தோள்வரை ஏற்றிப் பின் உயர்த்தும் கிளீன் அண்டு ஜெர்க் முறையில் 130 கிலோவும், ஆக 240 கிலோ தூக்கி வெண்கலப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. தங்கம் வென்ற சீன வீராங்கனை தூக்கியது 242.5 கிலோ. இருவருக்கும் இடையே 2.5 கிலோ மட்டுமே!

அப்போட்டியின் முறையைக் கவனியுங்கள். ஒருவருக்குக் கிடைப்பது ஆறே வாய்ப்புகள். முதல் முறையில் மூன்று, இரண்டாம் முறையில் மூன்று. ஒவ்வொன்றும் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில நொடிகளுக்காகத் தேசிய முகாம்களில் வீரர்கள் காலையும் மாலையும் பயிற்சி செய்கின்றனர் என்பதும் உண்மையே. பதக்கம் நாடுவோர்க்கு அது வேண்டும். நாம் நாடுவதோ பதக்கம் அன்று. நோயின்றி உழைக்கவும், முதுமையில் பிறர் கைப்பிடியின்றி எழுந்து நடக்கவும் தேவையான வலிமை. வீரரின் கால அட்டவணையை நம் தலையில் ஏற்றிக்கொண்டு, "அது முடியாது, ஆகவே எதுவும் வேண்டா" என்று ஒதுங்குவது முறையாகுமா?

அறிவியல் சொல்வதைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், காயமுற்ற அமெரிக்கப் போர்வீரர்களின் கால்களுக்கு வலிமையூட்ட, தாமஸ் டிலார்ம் என்ற இராணுவ மருத்துவர் பளுப் பயிற்சியைக் கையாண்டார். ஒரு மூச்சில் பத்து முறை தூக்குவதை ஒரு சுற்று என்று கொள்வோம். 1945இல் அவர் விதித்தது 7 முதல் 10 சுற்றுகள். 1948இல் வாட்கின்ஸ் என்ற மருத்துவருடன் சேர்ந்து அம்முறையைத் திருத்தினார்; மூன்று சுற்றுகளே போதும் என்று குறைத்தார். குறைத்தும் பயன் குறையவில்லை என்பதே அவர் கண்ட உண்மை.

அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. 2019இல் அமெரிக்காவில் பிராட் ஷோன்ஃபெல்டு என்னும் அறிஞரும் அவர் துணைவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏற்கெனவே பயிற்சி பெற்ற 34 ஆடவரை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். முதற்குழு ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு சுற்று. இரண்டாவது மூன்று சுற்று. மூன்றாவது ஐந்து சுற்று. ஒரு வேளைக்கு ஆன நேரம் முறையே ஏறத்தாழ 13, 40, 70 நிமிடங்கள். முடிவு என்ன? வலிமை மூன்று குழுவினர்க்கும் ஏறக்குறைய ஒரே அளவில் கூடிற்று! தசையின் பருமன் மட்டும் மிகுதியான சுற்றுகள் செய்தவர்க்கு மிகுதியாக வளர்ந்தது. ஆகவே தோள் பருக்க விரும்பும் இளைஞன் கூடுதல் நேரம் தரட்டும். வலிமை மட்டும் வேண்டுவோர்க்கு மிகக் குறைந்த நேரமும் கைகொடுக்கும்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அந்தப் பதின்மூன்று நிமிடக் குழுவினர் விளையாட்டாகத் தூக்கவில்லை. இனி ஒரு முறையும் தூக்க இயலாது என்னும் எல்லைவரை ஒவ்வொரு சுற்றையும் செய்தனர். திருமலைக்கு நடந்து செல்வோர் இதை எளிதில் உணர்வர். அலிபிரி வழியில் 3,550 படிகள்; ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். இரண்டும் சேர்வது ஒரே திருமலைக்கே. குறுகிய வழியில் சென்றவர்க்குத் தரிசனம் குறைவதில்லை. ஆனால் அவ்வழி செங்குத்தானது, மூச்சு வாங்க வைப்பது. குறுகிய பயிற்சியும் அத்தகையதே.

இப்பொழுது என் கணக்குக்கு வருகிறேன். உடல் முழுவதற்கும் ஐந்து பயிற்சிகள் போதும்: பளுவைத் தாங்கிக் குந்தி எழுதல், தரையிலிருந்து நிமிர்ந்து தூக்குதல், படுத்தவாறு மார்புக்கு மேல் தள்ளுதல், குனிந்து வயிற்றை நோக்கி இழுத்தல், நின்று தலைக்கு மேல் உயர்த்துதல். ஒவ்வொன்றிலும் மூன்று சுற்றாக, மொத்தம் 15 சுற்று. சுற்றுக்குப் பத்து முறை, முறைக்கு 4 நொடி. ஆகச் சுற்றுக்கு 40 நொடி. 15 சுற்றுக்கு 600 நொடி, அதாவது 10 நிமிடம். இடையில் 14 ஓய்வுகள், ஓய்வுக்கு 2 நிமிடம் வீதம் 28 நிமிடம். தொடக்கத்தில் உடலைச் சூடாக்க 5 நிமிடம். கூட்டினால் 43 நிமிடம்! முழுமையான பயிற்சிக்கே முக்கால் மணி நேரந்தான் ஆகிறது. இரண்டு மணி நேரம் கழித்து வருபவர், எஞ்சிய நேரத்தைக் கண்ணாடிக்கும், கைப்பேசிக்கும், ஊர்க் கதைக்கும் பகிர்ந்தளித்திருக்கிறார் என்பதே பெரும்பாலும் உண்மை.

நேரத்தை மிச்சப்படுத்த ஓய்வை ஒரேயடியாக வெட்டிவிடலாமா? கூடாது. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில், சுற்றுகளுக்கிடையே ஒரு நிமிடம் இளைப்பாறியவரைவிட மூன்று நிமிடம் இளைப்பாறியவர் மிகுந்த வலிமை பெற்றனர். கனத்த பளுவுக்கு நிறைவான ஓய்வு வேண்டும். நேரம் போதாதபோது சுற்றுகளைக் குறைக்கலாம். ஓய்வைக் களவாடக் கூடாது.

ரயில்வேயில் சரக்கு வண்டி நிலையத்தில் எத்தனை மணி நேரம் நின்றது என்பதை வைத்து வருவாய் கணக்கிடுவதில்லை. எவ்வளவு எடையை எவ்வளவு தூரம் கொண்டு சென்றது என்பதே கணக்கு. பயிற்சிக்கும் அதே விதிதான். இன்று 10 கிலோவைப் பன்னிரண்டு முறை எளிதாகத் தூக்கினால், அடுத்த வாரம் சிறிது ஏற்றுங்கள். தூக்கிய எடையையும் முறையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பளு படிப்படியாக ஏறுகிறதா, வாரம் தவறாமல் நடக்கிறதா என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறியும் வாரத்துக்கு இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலிமையூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. 65 வயது கடந்தோர்க்கு வலிமையையும் உடல் நிலைப்பாட்டையும் வளர்க்கும் பயிற்சி வாரம் மூன்று நாள் வேண்டும் என்றும் அது கூறுகிறது.

தாய்மார்களே! நடுவயதுக்குப் பின் தசை தேய்வது இயற்கை. தசை தேய்ந்தால் கால் தளரும். கால் தளர்ந்தால் விழுவோம். முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் குடும்பமே படுக்கையைச் சுற்றி நிற்கும். உண்ட சர்க்கரையில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்வதும் தசையே. ஆகவே நீரிழிவு நோயாளருக்கும் இப்பயிற்சி நன்மை தரும். இதற்கு இரும்புக் குண்டுகள்தாம் வேண்டும் என்பதில்லை. ஐந்து லிட்டர் தண்ணீர் நிரம்பிய குடுவை ஐந்து கிலோ பளுவேயாகும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே பலர்க்கு முதற்பயிற்சி. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. எவரும் மூச்சை அடக்கித் தூக்கற்க. உயர்த்தும்போது மூச்சை வெளியே விடுக.

மாணவர்களைப் பெற்றவர்களே! வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி. கூட்டினால் இரண்டே கால் மணி. வாரத்தின் 168 மணி நேரத்தில் இதனால் எந்தப் பாடமும் கெட்டுவிடாது. இரவுப் பணி முடிந்து வரும் அன்பர்களே! களைத்த நாளில் ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே சுற்று செய்யுங்கள். அதுவும் கணக்கில் சேரும். செய்யாது விட்ட நாள் மட்டுமே கணக்கில் சேராது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் சங்கக் கூடம் வார நாட்களில் மாலை வேளை பூட்டியே கிடக்கிறது. வாரம் இரண்டு மாலை ஆடவர்க்கும், இரண்டு மாலை மகளிர்க்கும், முக்கால் மணி நேரம் அதைத் திறந்து வைக்கச் செயற்குழு இசைய வேண்டும். தமிழை வளர்க்கக் கூடிய நாம், அதைப் பேசும் உடலையும் பேணுவோமாக!