சுழியில் சிக்காத மணல்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழிலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு, ஆனா யாரும் தூங்கக் கூடாது" என்று செயலாளர் நிபந்தனை போட்டிருக்கிறார். நான் நீர்மின் நிலையங்களில் டர்பைன் பராமரிப்புப் பொறியாளன். என் தீராத எதிரி, மணல்!

வீட்டில் அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரைச் சுழற்றி ஊற்றினால் அரிசி கூடவே போகும், கல் பின்தங்கும். தண்ணீர் திரும்புகிற வேகத்துக்குக் கனமான துகளால் திரும்ப முடிவதில்லை. 0.2 மி.மீ. குவார்ட்ஸ் துகள் தன்னை நீரோட்டத்துக்கு மாற்றிக்கொள்ளச் சுமார் 6 மில்லி நொடி எடுக்கும். விட்டம் பத்தில் ஒன்றானால் நேரம் நூறில் ஒன்றாகிவிடும்.

இந்த நேரத்தைச் சுழியின் நேரத்தால் வகுத்தால் வருவது ஸ்டோக்ஸ் எண். அது ஒன்றுக்கு மிகக் குறைவு என்றால் துகள் நீரோடு ஆடும். மிக அதிகம் என்றால் சுழியைச் சட்டை செய்யாமல் நேரே போகும். ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் வேடிக்கை: சுழி துகளை வெளியே வீசிவிடும், துகள்கள் சுழிகளுக்கு இடையே கூட்டம் சேரும். அப்படி வீசப்பட்டவை கீழ்நோக்கி ஓடும் பக்கமாகப் போய்ச் சேருவதால், நிச்சலனமான நீரைவிட வேகமாகவே இறங்கக்கூடும் என்று மாக்ஸி 1987-ல் காட்டினார். அதே சமயம், ஆற்றுத் தரையில் கிளம்பும் சுழிகள் மணலைத் தூக்கியும் விடும். கொந்தளிப்பு நண்பனா பகைவனா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. இமாசலத்தில் சட்லெஜ் நதியில் உள்ள நாத்பா ஜாக்ரி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 250 மெகாவாட் வீதம் ஆறு இயந்திரங்கள், மொத்தம் 1500 மெகாவாட். அங்கே மலைக்குள்ளே 525 மீட்டர் நீளமுள்ள நான்கு மணல் பிரிப்பு அறைகள் குடைந்திருக்கிறார்கள். 0.2 மி.மீ.க்கு மேற்பட்ட மணலை வடிப்பதுதான் அவற்றின் வேலை.

கையிலேயே கணக்குப் போடலாம். குளிர்ந்த நீரில் அந்த மணல் நொடிக்குச் சுமார் 2 செ.மீ. இறங்கும். அறையின் உயரம் ஏறத்தாழ 27 மீட்டர்; அடியைத் தொட 23 நிமிஷம். நீர் நொடிக்கு 30 செ.மீ. போல நகர்ந்தால் அறையைக் கடக்க அரை மணிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அது தங்கிவிடும். 0.1 மி.மீ. துகளுக்கோ இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். பெரும்பகுதி தப்பித்து டர்பைனுக்கு வந்துவிடும்.

வந்தால் என்ன ஆகும்? குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. நம் துருப்பிடிக்காத எஃகு அதற்கு முன் தோற்றுப்போகும். தேய்மானம் ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். வளைந்த பிளேடில் தண்ணீர் திரும்பிவிடும், மணல் நேரே போய் மோதும். கல் அரித்த அதே நியாயம்தான்! டங்ஸ்டன் கார்பைடு பூச்சு போடுகிறோம். தேய்மானம் தள்ளிப்போகிறது, நிற்பதில்லை. மழைக்காலத்தில் வண்டல் எல்லை மீறினால் நிலையத்தையே நிறுத்தவும் வேண்டிவரும். 1500 மெகாவாட் ஒரு மணி நேரம் நின்றால் 15 லட்சம் யூனிட் போச்சு. நிறுத்தாமல் ஓட்டினால் பிளேடு போச்சு. அந்த முடிவை நள்ளிரவில், கையில் ஒரு வண்டல் அளவீட்டுத் தாளோடு எடுக்கிறவர் நம்மைப் போன்ற ஒரு பொறியாளர்தான்.

ஸ்டோக்ஸ் விதியை வகுப்பில் ஐந்து மார்க் கேள்வியாகப் படித்தோம். இன்றைய மாணவர்கள் அதைத் தேய்ந்துபோன ஒரு ரன்னரின் மேல் கை வைத்துத் தெரிந்துகொள்ளட்டும். உங்கள் ஆலைகளில் தேய்ந்து கழித்த பம்ப் இம்பெல்லர், வால்வு எதுவானாலும் பழைய இரும்புக்குப் போடாமல் நம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவையுங்கள். என் பங்குக்கு ஒன்றுக்கு ஏற்பாடு செய்கிறேன்.