கையும் கருத்தும் சேர்ந்து பயிலும் பள்ளி

(கோவையை அடுத்த சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில், கல்வியாண்டுத் தொடக்க நாளன்று பெற்றோர் முன் நிகழ்த்தப்பெற்ற உரை)

   

பள்ளி திறக்கும் நாளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழுவர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அழுவதில்லை. அழுதாலும் மறைத்துக் கொள்வர். இங்கே கலங்கி நிற்பவர் பெற்றோர்தாம். “செயல்வழிப் பள்ளியாமே, பொத்தகமே கிடையாதாமே, மம்முட்டியைக் கொடுத்துக் குளத்துக்கு அனுப்பி விடுவார்களாமே” என்னும் பேச்சு ஊரில் உலவுகின்றது. அதைக் கேளாதது போலிருந்து, மாலையும் மங்கலமுமாக நான்கு சொல் கூறி அமர்வது எளிது. ஆயினும் நெஞ்சில் அச்சத்தோடு பிள்ளையை விட்டுச் செல்லும் தாய்க்கு அதனால் பயன் யாது? எனவே வரவேற்பை ‘வருக’ என்னும் ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு, அவ்வச்சத்தைப் பற்றியே பேசுவது முறையாகும்.

முதற்கண், செயல்வழிக் கல்வி மேலை நாட்டினின்று நேற்று இறக்குமதியான புதுச்சரக்கு அன்று. அமெரிக்காவில் சான் டூயி என்னும் அறிஞர் 1896இல் சிகாகோவில் பள்ளியொன்று நிறுவி, சமைத்தலும் நெய்தலும் மரவேலையும் வழியாகப் பாடம் பயிற்றினார் என்பதும், 1918இல் கில்பாற்றிக்கு என்பார் இம்முறையை விளக்கி எழுதினார் என்பதும் உண்மையே. வங்கத்தில் தாகூரும் 1924இல் இத்தகைய பள்ளியொன்று தொடங்கினார். காந்தியடிகள் 1937 அக்குதோபரில் வார்தாவில் கல்வி மாநாடு கூட்டி, ஏழாண்டுக் கல்வி, தாய்மொழி வழிக் கல்வி, கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வி எனும் மூன்றையும் ஒரு கயிற்றில் கோத்தார். சாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. ‘ஆதாரக் கல்வி’ என அன்று வழங்கியது இதுவே.

ஆயின் கோவை மக்கள் வார்தா வரை போக வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையம் வரை போனாற் போதும். திருப்பூரில் 1903இல் பிறந்த தி.சு. அவினாசிலிங்கனார், விடுதலைப் போராட்டத்தில் சிறை கண்டவர், 1930இல் ஒருசில மாணாக்கரோடு இராமகிருட்டிண வித்யாலயத்தைத் தொடங்கினார். (பெயர் வடசொல்லாயிற்றே என இவ்விதழ் படிப்போர் முகம் சுளிக்கலாம். பெயரில் இல்லாத தமிழ் செயலில் இருந்ததைப் பின்னர்க் காண்க.) 1934இல் பெரியநாயக்கன்பாளையத்தில் அதன் கட்டடத்துக்குக் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். வார்தா மாநாட்டுக்கு மூன்றாண்டு முந்தியது இது என்பதைக் கருதுக. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஓரிடத்தில் உண்டு, ஓரிடத்தில் உறங்கி, தம் வேலையைத் தாமே செய்து பயின்ற உறைவிடப் பள்ளி அது. தீண்டாமை தெருவெல்லாம் தலைவிரித்தாடிய காலத்தில் இதனைச் செய்தல் எளிதன்று.

அப்பள்ளியில் ஆசிரியராய் இருந்தவர், ஈரோட்டுப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன். அவினாசிலிங்கனார் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வியமைச்சராய் இருந்தபோது தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். பள்ளிகளில் தமிழே பயிற்றுமொழியாதற்கு முனைந்து உழைத்தார். அக்கழகத்தின் கலைக்களஞ்சியம் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. பின்னர்க் குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளும் வந்தன. அணுவும் வானூர்தியும் அறுவை மருத்துவமும் தமிழில் எழுத இயலுமா என வினவியோர்க்கு விடையிறுத்தவர், பிள்ளைகளோடு பிள்ளையாய் வேலை செய்து பாடம் சொன்ன பள்ளியாசிரியர் ஒருவர். கையால் செய்யும் கல்வி மூளையை மழுக்கும் என்போர்க்கு இதனினும் வேறு மறுமொழி தேவையில்லை.

இனி, இவ்வரங்கில் யாரும் வாய்விட்டுக் கேளாத ஒரு வினா உண்டு. “என் அப்பன் செருப்புத் தைத்தான், நான் ஆலையில் பஞ்சு சுமந்தேன், என் மகனையும் வேலைதான் செய்யச் சொல்கிறீர்களா?” இவ்வினா முற்றிலும் நேரியது. இதற்கு வரலாறு உண்டு. 1953இல் ஆச்சாரியார் முதலமைச்சராய் இருந்தபோது, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் படித்தாற் போதும், எஞ்சிய நேரம் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றொரு திட்டம் கொணர்ந்தார். வண்ணார் மகன் வெளுக்கவும், முடிதிருத்துவோர் மகன் கத்தி பிடிக்கவும், குயவர் மகன் மண் பிசையவும் அரசே வழி வகுக்கின்றது என்று நாடு கொதித்தது. தந்தை பெரியார் அதனைக் குலக்கல்வித் திட்டம் எனக் கூறிப் போர்க்கொடி உயர்த்தினார். 1954 ஏப்பிரலில் ஆச்சாரியார் விலகக் காமராசர் முதலமைச்சரானார். மே திங்களில் திட்டம் கைவிடப்பட்டது. அதனை அறிவித்த கல்வியமைச்சர் கொங்கு நாட்டுப் பொள்ளாச்சிப் பக்கத்துச் சி. சுப்பிரமணியம் என்பதையும் நினைவிற் கொள்க.

ஆதாரக் கல்வியும் வேலை, குலக்கல்வியும் வேலை. இரண்டும் ஒன்றுதானே எனச் சிலர் மயங்குவர். அன்று. ஒன்று பிள்ளையைப் பள்ளியினின்று வெளியேற்றி அப்பன் தொழிலுக்கு அனுப்பியது. மற்றொன்று எல்லார் தொழிலையும் பள்ளிக்குள் கொணர்ந்து எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக்கியது. பண்ணையார் மகன் துடைப்பம் எடுப்பதும், துடைப்பம் எடுத்தவர் மகள் குளத்தின் கொள்ளளவைக் கணக்கிடுவதும் ஒரே வகுப்பில் நிகழ வேண்டும். அது நிகழாவிடின் செயல்வழிப் பள்ளி என்னும் பெயர்ப்பலகையின் பின்னால் குலக்கல்வியே நடக்கும்.

இஃது அச்சுறுத்தக் கூறும் கற்பனை அன்று. 2022இல் ஈரோட்டு மாவட்டத்துப் பள்ளியொன்றில் பட்டியலினப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்தார் என்னும் குற்றச்சாட்டில் தலைமையாசிரியர் ஒருவர் தளைப்படுத்தப்பட்டார். அறிவு மிக்கதென்று பெயர்பெற்ற கொங்கு மண்ணில், இக்காலத்தில் நிகழ்ந்தது இது. ஆதலின் இப்பள்ளியில் வேலைமுறைப் பட்டியல் ஒன்று வாயிற்கதவில் திங்கள்தோறும் ஒட்டப்படும். யார் பெருக்குகின்றனர், யார் அளக்கின்றனர், யார் எழுதுகின்றனர், யார் மேடையேறிப் பேசுகின்றனர் என்பது அதில் இருக்கும். எழுத்தறிந்த பெற்றோர் அறியாதார்க்குப் படித்துக் காட்டுக. ஒரே பிள்ளையின் பெயர் இரு திங்கள் தொடர்ந்து துடைப்பத்தின் எதிரே நின்றால் தலைமையாசிரியரைக் கேட்க. கேட்பதற்கு உரிமை உண்டு. கழிப்பறை தூய்மைக்கு ஊதியம் பெறும் பணியாளர் உளர். அது எந்தப் பிள்ளைக்கும் உரிய வேலையன்று.

இனிக் குளத்துக்கு வருவோம். மம்முட்டியோடு அன்று, அளவு நாடாவோடும் குறிப்பேட்டோடும். வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யல் ஆற்றின் நீரை அணைகட்டித் திருப்பி, வாய்க்கால் வழியே குளத்துக்குக் குளம் நிறைத்து வைத்தனர் கொங்கு முன்னோர். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர்க் குளம் என அவற்றுட் பல இன்றும் உள. ஆறாம் வகுப்பு இவ்வாண்டு ஊர்க்குளத்தை எடுத்துக்கொள்ளும். நீளம் 100 மீட்டர், அகலம் 60 மீட்டர், ஆழம் சராசரி 2 மீட்டர் என்று பிள்ளைகள் அளந்து வந்தனர் என்று வைத்துக்கொள்க. பெருக்கினால் 12,000 கன மீட்டர். அதாவது 1 கோடியே 20 இலட்சம் லிட்டர். வீட்டுக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் எனின், 200 வீடுள்ள ஊருக்கு 120 நாள் நீர். உடனே ஒரு பிள்ளை எழுந்து, “வெயிலில் வற்றுவது எவ்வளவு? மண்ணில் இறங்குவது எவ்வளவு?” என்று கேட்கும். கேட்க வேண்டும். அவ்வினாவில் அறிவியல் பாடம் தொடங்குகின்றது. குளத்து நீர் ஏன் நுரைக்கின்றது என்னும் வினாவில் திருப்பூர்ச் சாயக்கழிவு வரும். ஒரத்துப்பாளையம் அணை வரும். 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட வரலாறு வரும். சாயப்பட்டறை மூடியதால் வேலையிழந்த தந்தையர் சிலர் இவ்வரங்கிலேயே இருக்கக்கூடும். அவர்தம் பிள்ளையும், நிலம் பாழான உழவர் பிள்ளையும் ஒரே குழுவில் அமர்ந்து அதனைப் பேச வேண்டும். இரு பக்கமும் உண்மை இருப்பதை அங்கே அறிவர்.

அதே ஆற்றங்கரையில், சென்னிமலைக்கு மேற்கே கொடுமணல் என்னும் ஊர் உள்ளது. பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் அதுவே என்பர். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளும், கல்மணி செய்த பட்டறைத் தடயங்களும் அங்கே கிடைத்தன. அவற்றோடு பழந்தமிழ் எழுத்தில் ஆட்பெயர் கீறிய பானையோடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. உலைக்களமும் எழுத்தும் ஓரூரில் அருகருகே இருந்தன. தொழில் செய்வோனுக்கு எழுத்து வேண்டா, எழுத்தறிந்தோன் தொழில் தொடான் என்னும் பிரிவு தமிழர்க்குப் பிற்காலத்தே வந்த நோய். ஏழாம் வகுப்பு இவ்வாண்டு கொடுமணலுக்குச் செல்லும். பேருந்துக் கட்டணம் செலுத்த இயலாத வீட்டார் ஆசிரியரிடம் தனியே சொன்னாற் போதும்.

மொழியைப் பற்றி ஒன்று. கல்வி தாய்மொழியில் இருத்தல் வேண்டும் என்பது உணர்ச்சிக் கூற்று மட்டுமன்று. மதகு, கலிங்கு, கரை, வாய்க்கால் எனும் சொற்கள் ஊர்ப் பெரியவர் வாயில் உள. கவலை ஓட்டிய அப்பாருக்குச் சாலும் வடமும் தெரியும். தறியில் அமர்ந்த அம்மிச்சிக்குப் பாவும் ஊடையும் விழுதும் தெரியும். வார்ப்படப் பட்டறையிலும் கடைசல் பட்டறையிலும் வேலை செய்யும் தந்தைக்குத் தெரிந்த தமிழ்ச்சொல் எந்த அகராதியிலும் ஏறாதிருக்கலாம். இலை, தாள், தோகை, ஓலை என ஒவ்வொன்றையும் வேறுபடுத்தி வழங்கும் தமிழின் நுட்பத்தைப் பாவாணர் எடுத்துக்காட்டினார். அந்நுட்பம் வயலிலும் களத்திலும் பிறந்ததே. பிள்ளை ஆங்கில வழியில் பயிலுமாயின், அப்பாரிடம் வினவி வகுப்பில் சொல்ல அதற்கு வழியில்லை. பாடம் வீட்டு வாசலோடு நின்றுவிடும். எனவே எட்டாம் வகுப்பு இவ்வாண்டு ஊர்த்தொழிற் சொற்களைத் தொகுக்கும். பட்டறையில் ‘லேத்து’ என்று சொன்னால் அதையும் எழுதிக்கொண்டு, பக்கத்தில் கடைசற்பொறி என்று குறிக்கட்டும். சொன்னவரைத் திருத்தி நாணச் செய்ய வேண்டா. ஆங்கிலம் ஒரு பாடமாக நன்றாகவே பயிற்றப்படும். அதிலும் ஐயம் வேண்டா.

இம்முறை முன்பு ஏன் தளர்ந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. விடுதலைக்குப் பின் ஆதாரப் பள்ளிகள் நாடெங்கும் திறக்கப்பட்டன. பல இடங்களில் தக்கிளி சுற்றுவது ஒரு பாடவேளைச் சடங்காயிற்று. கணக்கும் அறிவியலும் அதனோடு ஒட்டாமல் தனியே நின்றன. தேர்வு பழைய தேர்வாகவே இருந்தது. ஆதாரக் கல்வியை மேடையில் புகழ்ந்தோர் பலர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினர். ஏழை மட்டும் பயிலும் பள்ளி எதுவும் நிலைத்ததில்லை. இப்பள்ளி ஆசிரியர்களுள் எத்துணைப் பேர் தம் பிள்ளைகளை இங்கே சேர்த்துள்ளனர் என்று பெற்றோர் கேட்பின் அது தவறாகாது.

சி.டி. நாயுடுவைச் சிலர் எடுத்துக்காட்டுவர். பள்ளிப்படிப்பு மிகாத அவர் பேருந்து ஓட்டினார், மின்பொறி செய்தார், தொழிற்கல்விக் கூடமும் கண்டார், ஆதலின் படிப்பு எதற்கு என்பர். அவர் ஆயிரத்தில் ஒருவர். எஞ்சிய 999 பிள்ளைகட்குப் பள்ளி வேண்டும். மதிப்பெண்ணும் வேண்டும், ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி செல்லும்போது பிள்ளை தலைகுனிதல் ஆகாது. ஆகவே பொத்தகப் பாடம் முழுவதும் நடத்தப்படும், பருவத்தேர்வும் உண்டு. குளத்தை அளந்த பிள்ளைக்குக் கன அளவுக் கணக்கு தேர்வில் புதிதாக இராது; அவ்வளவே ஆசிரியர் கூறும் உறுதி. எல்லாப் பிள்ளையும் முதல் மதிப்பெண் வாங்கும் என யாரும் உறுதி கூறவில்லை.

ஆறாம் வகுப்பினர் வரும் காரிக்கிழமை காலை 7 மணிக்குக் குளக்கரை செல்வர். தொப்பியோ தலைத்துண்டோ, குடிநீர், பழைய செருப்பு ஆகியவற்றோடு அனுப்புக. நீச்சல் அறிந்த பெற்றோர் நால்வர் உடன் வரல் வேண்டும். அணியமாக உள்ளோர் இன்று வீடு திரும்புமுன் அலுவலறையில் தம் பெயரை எழுதித் தருக.