முதுமையும் ஒரு பாடம்தான்



நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் இன்று டாக்டருக்கும் நர்சுக்கும் படிக்கிறார்கள். தேனி சர்க்கார் மருத்துவக் கல்லூரி இங்கிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம்தான். அந்தப் பிள்ளைகளின் புத்தகத்தில் கிழவன் கிழவிக்கு இடம் உண்டா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வெகுகாலம் இடம் இல்லை. 1978-இல்தான் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனியாக வெளிநோயாளிப் பிரிவு தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவம் எம்.டி. படிப்பாக வந்தது. ஆனால் அது டாக்டரான பிறகு ஒரு சிலர் படிப்பது. எல்லா மாணவரும் படிக்கும் எம்.பி.பி.எஸ். படிப்பில், 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம்தான் பொது மருத்துவத்துக்குள் முதுமையைத் தனித் தலைப்பாக வைத்தது.

இந்தப் படிப்பு பிறந்த கதை நமக்கு வேண்டிய கதை. 1935-இல் லண்டனில், ஏழைகளை அடைத்து வைத்திருந்த விடுதி ஒன்றின் நோயாளிகள் 700 பேருக்கு மேல் மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டரின் பொறுப்புக்கு வந்தார்கள். "இனித் தேறாது" என்று ஆண்டுக்கணக்கில் படுக்கையில் போட்டு வைக்கப்பட்டவர்கள். அந்த அம்மையார் ஒவ்வொருவரையும் சோதித்தார். வைத்தியம் செய்து, எழுப்பி, நடக்கப் பழக்கினார். பலர் நடந்தே வீடு திரும்பினார்கள். அவர்களைக் கிடத்தியது முதுமை அல்ல, கவனிப்பாரின்மை!

நம் மலைக்கு வருவோம். ஏலச்செடியின் சரம் தரையோடு தரையாகக் கிடக்கும். நம் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறி, ஈரத்திலும் அட்டைக்கடியிலும் குந்தியபடியே நாளெல்லாம் காய் எடுக்கிறார்கள். பிறகு மூட்டை சுமந்து சரிவில் இறங்குகிறார்கள். நெடுநேரம் குந்துவதும் பாரம் சுமப்பதும் முழங்கால் மூட்டைத் தேய்க்கும் என்று வைத்திய சாஸ்திரமே ஒப்புக்கொள்கிறது. புத்தகத்து முதுமை 60-இல் தொடங்குகிறது. காய் எடுப்பவளின் முழங்காலுக்கு 45-லேயே கிழப்பருவம் வந்துவிடுகிறது. முழங்கால் வலி என்று போனால், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு மாத்திரையோடு அனுப்பப்பட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

அந்தப் பாடத்தில் நாமும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வயதானவர்களுக்கு நோய் வேறு வேஷத்தில் வரும். நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். காய்ச்சல் இல்லாமலே நெஞ்சில் சளிக்காய்ச்சல் முற்றலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசிய ஆத்தா இன்று திடீரென்று பிதற்றினால், மூளை மங்கிவிட்டது என்று திண்ணையில் விட்டுவிடாதீர்கள். நீர்க்கடுப்பாக இருக்கலாம், உடம்பில் நீர் வற்றியிருக்கலாம், புதிதாகக் கொடுத்த மாத்திரையாலும் இருக்கலாம். உடனே தூக்கிக்கொண்டு போங்கள். குணப்படுத்தக் கூடியது அது.

ஓய்ந்த பிறகு சோற்றுக்கு என்ன வழி என்பது பாடத்தில் வராத கேள்வி. 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023-இல் 1200 ஆயிற்று. ஏலக்காய் விலையை அறிந்த நமக்கு அந்தத் தொகையின் எடை தெரியும்.

பாடம் எழுதியாகிவிட்டது, சரி. அதைப் படிக்கும் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு நிற்காமல், ஒரு நாளாவது விடியற்காலையில் ஜீப் நிற்கும் இடத்துக்கு வரட்டும். நம் முழங்கால்களை அவர்கள் தொட்டுப் பார்க்கட்டும். அவர்களை அனுப்பச் சொல்லி கல்லூரிக்கு மனு எழுதியிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், கைநாட்டானாலும் சரி.